நான் ஆவி பிடித்துத் தீர்த்த குளவிகள்

எங்கள் வீட்டில் தும்மல் என்பது தும்முகிறவரின் சொந்த விஷயம் கிடையாது. ஒருத்தர் தும்மினால் தெருவே வைத்தியம் பார்க்கக் கிளம்பிவிடும். அடுப்பில் பானை ஏறும், அதில் மஞ்சள் விழும், இலை விழும், கடைசியில் நம் தலைமேல் கம்பளி விழும். மாத்திரை போட்டுக்கொண்டேன் என்று சொல்லிப் பார்க்கலாம். பிரயோஜனம் இல்லை, மாத்திரை போட்டவளுக்கும் பானை உண்டு. பிறந்ததிலிருந்து எனக்கு இது தெரியும். தெரிந்தும், உயிருள்ள ஒரு மூட்டை இலையை அடுப்பங்கரையில் வைத்துவிட்டு அதே வீட்டின் கூடத்தில் உட்கார்ந்து அச்சு அச்சென்று தும்மிக்கொண்டிருந்தவள் நான். (படிச்ச பொண்ணுன்னு வேற ஊர்ல பேரு.)

எங்களுக்குக் கடப்பாக்கம். அத்தா, அதாவது என் அப்பா, அங்கே ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். நான் பூச்சிகளைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்றதும் அவர் சந்தோஷப்பட்டு, கடையில் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பக்கத்தில் ஒரு அலமாரியைக் காலி பண்ணிவிட்டார். படித்து முடித்து நான் பூச்சிமருந்து விற்பேன் என்று அவர் கணக்கு. நான் பூச்சியை வைத்தே பூச்சியை ஒழிக்கிற படிப்புதான் படித்தேன் என்று விளக்கியபோது ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு, "அதை எப்படிம்மா எடை போட்டு விக்கிறது?" என்று கேட்டார்.

எனக்குக் கிடைத்த முதல் வேலை, தைல மரத் தோப்புகளைக் காப்பாற்றும் ஒரு திட்டத்தில் தற்காலிக உதவியாளர். யூகலிப்டஸை எங்கள் பக்கம் தைல மரம் என்போம். அதற்கு வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சனியன் உண்டு. முடிச்சுக் குளவி. ரவையைவிடச் சின்னது, பச்சையும் நீலமுமாக மினுக்கும். இது இளம் இலையின் காம்பிலும் நடுநரம்பிலும் முட்டை வைக்கும். அந்த இடம் வீங்கி முடிச்சு முடிச்சாகிவிடும், இலை சுருண்டுகொள்ளும், மரம் வளர்வதையே மறந்துவிடும். மருந்து அடித்தாலும் முடிச்சுக்குள் இருப்பது ஜம்மென்று இருக்கும். இதற்கு மாற்று, இன்னொரு குளவி. அதுவும் அதே அளவுதான், ஆனால் பழுப்பு நிறம். அது வந்து அந்த முடிச்சுக்குள் தன் முட்டையை இறக்கும். அதன் குஞ்சு உள்ளே இருக்கிற எதிரியின் குஞ்சைத் தின்றுவிட்டு வெளியே வரும். மனிதர்களைக் கொட்டாது, மரத்துக்கும் கெடுதல் செய்யாது.

இதை நான் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் என்னைப் பார்த்திருக்க வேண்டும். கழுத்தில் சங்கிலிக்குப் பதில் பூதக்கண்ணாடி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு எத்தனை பேர் குளவியின் லத்தீன் பெயரைத் தெரிந்துகொண்டார்கள் என்பது அல்லாவுக்குத்தான் தெரியும். ஒரு கண்டக்டர் என்னைப் பார்த்தாலே விசில் அடித்துவிட்டுப் பின்பக்கம் போய்விடுவார்.

என் பேச்சைக் கடைசிவரை உட்கார்ந்து கேட்ட ஒரே விவசாயி தனசேகர் அண்ணன். திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில் அவருக்குத் தைலத் தோப்பு. ஒரு தடவை வெட்டி விற்று முடித்து, அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர் விட்டிருந்தது. துளிர் முழுக்க முடிச்சு. இடுப்பு உயரத்துக்கு வந்து அப்படியே நின்றுவிட்டது. தோப்புக்கு மேற்கேயும் கிழக்கேயும் ஏற்கெனவே மனை போட்டுக் கலர் கலராகக் கொடி நட்டிருந்தார்கள். நடுவில் இவர் நிலம் மட்டும் பாக்கி. மனைக்காரர் தினமும் வந்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவாராம்.

தனசேகர் அண்ணனுக்கு விற்க மனசில்லை. அது அவருடைய அப்பா பாறை உடைத்துத் திருத்திய நிலம். ஆனால் வளராத மரத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார முடியும்? ஜேசிபியை வரச் சொல்லிவிட்டார். கட்டைகளைப் பிடுங்கி எடுத்துவிட்டால் நிலம் மனைக்குப் போய்விடும். நான் போய் என் முழுப் பிரசங்கத்தையும் செய்தேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, "ஒரு ரவுடியப் புடிக்க இன்னொரு ரவுடிய உள்ள வுட்றே. அதானே?" என்றார். என் படிப்பு மொத்தத்தையும் யாரும் அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

ஜேசிபியைத் தள்ளிப்போடச் சொன்னேன். தள்ளிப்போட்டார். சனிக்கிழமை காலை குளவிகளோடு வருகிறேன், உங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் சொன்னது இதுதான்: "என் கண்ணால பாத்தா நிறுத்துறேன். இல்லாங்காட்டி ஞாயித்துக்கெழம வண்டி எறங்கிடும். இன்னொரு வாட்டி தள்ள முடியாதும்மா." நான் வராமல் போனால் என் பெயர் சபீனா இல்லை என்றேன். (பேர்மேல சத்தியம் பண்றவங்கள நம்பாதீங்க.)

குளவிகளைப் பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வளர்த்தார்கள். நானே நேரில் போனேன். அங்கிருந்த மேடம், முடிச்சு விழுந்த கொப்புகளை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார். இந்த முடிச்சுகளில் பெரும்பாலும் நம்ம ஆட்கள்தான் இருக்கிறார்கள், வெள்ளியும் சனியும் காலையில் வெளியே வருவார்கள், குழாயில் பிடித்துக் கொண்டுபோய் விட வேண்டியதுதான் என்றார். இந்தத் தொகுதி போனால் அடுத்தது மழைக்குப் பிறகுதான் என்றும் சொன்னார். நான் பெட்டியைப் பச்சைக் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு ஏசி பஸ்ஸில் வந்தேன். பெட்டியில் சூடு ஏறக் கூடாது என்று ஏசிக் காற்று வருகிற ஓட்டைக்கு நேரே நானே உட்கார்ந்துகொண்டேன். குளவிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் மூக்கு அடைத்துவிட்டது.

வியாழக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே வியர்த்திருந்தது. அழுகிவிடப் போகிறதே என்று கொப்புகளை எடுத்து, ஈரத் துண்டில் சுற்றி, மஞ்சப்பையில் போட்டு, அடுப்பங்கரையில் மண்பானை ஓரமாக வைத்தேன். எங்கள் வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். "உயிருள்ளது, தொடாதே" என்று மேடம் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்த பெட்டியைக் கொல்லையில் தூக்கிப் போட்டேன். அதனால் என்ன, அம்மாவிடமும் அத்தாவிடமும் வாயாலேயே தெளிவாகச் சொல்லிவிட்டேனே. அம்மா பையைப் பார்த்து, "உன் புள்ளைங்களுக்கு நாஸ்தா ஏதாச்சும் வெக்கணுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்.

நான் சொல்லாமல் விட்ட ஆள் ஒருத்தர்தான். ஹாஜிரா பெரியம்மா, அம்மாவின் அக்கா. ஊர் சதுரங்கப்பட்டினம். அவர் வருவார் என்று எனக்குத் தெரியாது. நான் படுத்துத் தூங்கியபோது வந்திறங்கியிருக்கிறார். மத்தியானம் அம்மா கடைக்கு அத்தாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நேரம், நான் எழுந்து கூடத்துக்கு வந்து தும்மினேன்.

அவ்வளவுதான். என்ன ஏது என்று பெரியம்மா கேட்கவே இல்லை. எழுந்து அடுப்பங்கரைக்குப் போனார். பானை உருளுகிற சத்தம் கேட்டது. இது வேறு யாராவதாக இருந்தால் நான் தடுத்துப் பார்த்திருப்பேன். பெரியம்மாவைத் தடுக்க எங்கள் குடும்பத்தில் ஆள் கிடையாது. பெரியப்பாவே அவரிடம் அனுமதி வாங்கித்தான் இருமுவார்.

கொதிக்கிற பானையைக் கொண்டுவந்து வைத்து, என்னை முன்னால் உட்காரவைத்து, கம்பளியைப் போர்த்தினார். வாயைத் திறந்து இழு, மூக்கால் விடு, மூக்கால் இழு, வாயால் விடு என்று வெளியிலிருந்து கட்டளை வந்துகொண்டே இருந்தது. நான் இழுத்தேன். நிஜமாகச் சொல்கிறேன், அற்புதமாக இருந்தது. அடைத்த மூக்கு ஒரு பக்கம் திறந்து, தைல வாசனை நெஞ்சுக்குள் இறங்கி, கண்ணில் நீர் வந்து, பஸ் அலுப்பெல்லாம் வியர்வையாய் ஓடியது. மனிதனுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிற நேரம் அது. கம்பளிக்குள்ளிருந்தே நன்றி சொன்னேன்.

"பெரியம்மா, சூப்பரா கீது. எலை எங்க வாங்குனீங்க?"

"வாங்குறதா? உன் பையிலதான்டி இருந்துச்சு. ஈரத்துண்டுல சுத்தி வெச்சிருந்தியே. பெரியம்மாவுக்கு மூட்டு வலின்னு பெங்களூர்லேர்ந்து பறிச்சினு வந்திருக்குதே புள்ளன்னு நெனச்சேன்."

நான் கம்பளியிலிருந்து வெளியே வரவில்லை. வர முடியவில்லை. இழுத்த மூச்சு உள்ளே நின்றது, அதை வெளியே விடவும் மனசு வரவில்லை. இருட்டில் என் மூக்குக்கு நேரே அந்த இலைகள் கொதித்துக்கொண்டிருந்தன. கடைசியில் ஈனமான குரலில், அதில் பூச்சி இருந்தது பெரியம்மா என்றேன்.

பெரியம்மா கம்பளிக்கு மேலாக என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். "பயப்படாதடி. நல்லா தளதளன்னு கொதிக்க வுட்டுட்டேன். ஒண்ணுகூட உசுரோட இருக்காது."

அன்று நான் அழுத அழுகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டு மாமி துக்கம் விசாரிக்க வந்துவிட்டார். பானையைக் கொல்லையில் கவிழ்த்து, சோறு மாதிரி வெந்து கிடந்த இலைகளைக் குச்சியால் கிளறிப் பார்த்தேன். துண்டில் ஒரு கொப்பாவது மிச்சம் இருக்குமா என்று தேடினேன். பெரியம்மா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. பெங்களூர் மேடத்துக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னதும், போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடுகிறேன் என்றார். (சிரிச்சு முடிச்சிட்டு வர்றதுக்குத்தான் போனார்னு அப்புறம்தான் தெரிஞ்சது.) கூப்பிட்டபோதும் பதில் அதேதான். மழைக்கு முன்னால் ஒன்றும் தர முடியாது.

தனசேகர் அண்ணனைக் கூப்பிடப் போனை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். என்ன சொல்வது? உங்கள் தோப்பைக் காப்பாற்ற வந்த படையை நான் மூக்கால் உறிஞ்சிவிட்டேன், ஜேசிபி வரட்டும் என்றா? அந்த மனுஷன் இதுவரை ஒரே ஒரு தடவைதான் ஒருத்தர் பேச்சை நம்பி வேலையை நிறுத்தியிருக்கிறார். அது என் பேச்சு. இப்படியே விட்டுவிட்டு வீட்டில் உட்கார முடியாது என்று எனக்குள் ஏதோ ஒன்று முறுக்கிக்கொண்டது. ஒரு வழி இருக்கிறதா என்று பார்க்காமல் நான் இந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று கொல்லைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

வழி தேடிய எரிச்சலில் பெரியம்மாவிடம் பாய்ந்தேன். கண் தெரியவில்லையா, இலையெல்லாம் முண்டும் முடிச்சுமாக இருந்ததே, அதைப் போய் யாராவது பானையில் போடுவார்களா என்று கேட்டேன். பெரியம்மாவும் அசரவில்லை.

"தைல எலைன்னா முடிச்சு இல்லாம எப்டி இருக்கும்? எங்க ஊர்ல நான் பறிக்கிற எலையும் அப்டித்தான் கீது. ரெண்டு வருசமா அதத்தான் போட்டுனுகீறேன்."

எங்கே பறிக்கிறீர்கள் என்று கேட்டேன். ஊருக்கு மேற்கே, ரோட்டைத் தாண்டினால் ஒரு பழைய தைலத் தோப்பு என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் வேலைக்குச் சேருவதற்கு முன்னால் எங்கள் திட்டத்தில் முதல் முதலாக நல்ல குளவியைக் கொண்டுபோய் விட்ட இடம் அதுதான். விட்ட கொஞ்ச நாளில் உரிமையாளர் மரத்தை வெட்டி விற்றுவிட்டார், அங்கே எல்லாம் போச்சு என்று கைகழுவிவிட்டார்கள். வெட்டிய கட்டை துளிர்த்து, அந்தத் துளிரில் முடிச்சு விழுந்து, அந்த முடிச்சைத் தேடி நம்ம ஆட்கள் எங்கிருந்தோ திரும்பி வந்திருந்தால்? வந்திருக்கலாம். வராமலும் இருக்கலாம். போய்ப் பார்க்காமல் தெரியாது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பெரியம்மாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு ஈசிஆரில் கிளம்பினேன். மூக்கு இன்னும் அடைத்துத்தான் இருந்தது. பாலாற்றுப் பாலத்தில் வந்த காற்றில் ஸ்கூட்டியே தள்ளாடியது. பின்னால் பெரியம்மா, தப்பு தன்னுடையது இல்லை, மஞ்சப்பையில் போட்டு அடுப்பங்கரையில் வைத்தால் அது சமையலுக்கு என்றுதான் அர்த்தம் என்று பாலம் முடியும்வரை வாதாடிக்கொண்டே வந்தார். யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

தோப்பில் துளிர் இருந்தது, முடிச்சும் இருந்தது. ஆனால் ஒரு முடிச்சை வெளியிலிருந்து பார்த்து உள்ளே இருப்பது யார் என்று சொல்ல முடியாது. அப்படியே கொப்பைக் கொண்டுபோய் தனசேகர் அண்ணன் தோப்பில் போட்டால் எதிரியையும் சேர்த்து விருந்துக்கு அழைத்த மாதிரி ஆகிவிடும். எல்லாரையும் வெளியே வரவைத்து, பச்சையை ஒதுக்கிப் பழுப்பை மட்டும் பிடிக்க வேண்டும். கை கொள்ளுமட்டும் கொப்புகளை வெட்டிப் பெரியம்மா வீட்டுக்குக் கொண்டுபோனோம்.

அடைத்து வைக்க ஜாடி வேண்டும், உள்ளே நடப்பது வெளியே தெரிய வேண்டும். பெரியப்பாவுக்கு வீட்டு வாசலிலேயே பெட்டிக்கடை. பெரியம்மா நேரே போய் அங்கிருந்த கண்ணாடி ஜாடிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். முறுக்கு, கடலை மிட்டாய், தேங்காய் பன் எல்லாம் பேப்பரில் மலையாகக் குவிந்தன. பெரியப்பா அந்த மலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்ட ஆரம்பித்தார். நாங்கள் ஜாடிகளில் கொப்புகளைப் போட்டு, என் துப்பட்டாவைக் கிழித்து வாயைக் கட்டி, ஜன்னல் ஓரம் வைத்துவிட்டுக் காவல் உட்கார்ந்தோம்.

மத்தியானம் ஒரு குளவி வெளியே வந்தது. பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பச்சை. அடுத்ததும் பச்சை. அதற்கடுத்ததும் பச்சை. ஜும்மா தொழுகை முடிந்து பெரியப்பா வருவதற்குள் ஜாடிக்குள் பச்சையாக மினுமினு என்று ஒரு கூட்டமே திரிந்தது, அத்தனையும் எதிரி. சாயங்காலம் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்வரை பார்த்தேன். ஒரு பழுப்பு இல்லை. பெரியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்று முதல் தடவையாக வாதாடவில்லை. அந்த ஆளு நெலம் போய்டுமாடி என்று மட்டும் கேட்டார். போய்விடும் என்றேன். ஜாடி வாயில் கட்டிய துணியை இறுக்கிவிட்டு, உன் ஆளுங்க காலையிலதான் வெளிய வருவாங்கன்னு சொன்னியே, காலையில பாத்துக்கலாம், இப்ப வந்து சாப்புடு என்று எழுந்தார்.

சனிக்கிழமை விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு வந்த பெரியம்மாதான் முதலில் பார்த்தார். என்னை உலுக்கி எழுப்பி, பச்ச சட்டக்காரன் இல்லாம வேற எவனோ ஒருத்தன் உள்ள நடந்துகினுகீறான் என்றார். பாய்ந்து போய்ப் பார்த்தேன். பழுப்பு. தங்கமாக, மெலிந்து, மீசையை ஆட்டிக்கொண்டு துணியின் ஓரத்தில் நடந்துகொண்டிருந்தது. நான் மறுபடி அழுதேன். இந்தத் தடவை சந்தோஷத்தில்.

பிடிக்க என்னிடம் ஒரு இழுகுழாய் இருந்தது. ஒரு சின்னக் குப்பி, அதில் இரண்டு குழாய். ஒரு குழாயைப் பூச்சி பக்கம் நீட்டி, இன்னொன்றை வாயில் வைத்து மெதுவாக உறிஞ்சினால் பூச்சி குப்பிக்குள் வந்துவிடும். வாய்க்கு வராமல் துணி தடுக்கும். மூக்கு அடைத்தவளால் இதைச் செய்ய முடியாது என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். உறிஞ்சப் போனால் இருமல் வந்தது. வேறு வழியில்லாமல் குழாயைப் பெரியம்மா கையில் கொடுத்தேன்.

காலம் பூராவும் விறகடுப்பு ஊதியவர். குழாயை வாயில் வைத்ததும் பழக்கதோஷத்தில் பூ என்று ஊதினார். எங்கள் முதல் பழுப்புக் குளவி பறந்து உத்தரத்துக்குப் போய்விட்டது. நான் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அல்லாவே, ஊதக் கூடாதா, இழுக்கணுமா, மொதல்லியே சொல்றதுக்கு இன்னா என்று கோபமாகக் கேட்டுவிட்டு, அடுத்ததைப் பிசகாமல் இழுத்தார். அப்புறம் அவர் கை நிற்கவே இல்லை. நான் பூதக்கண்ணாடியில் பார்த்து பச்சையா பழுப்பா என்று சொல்லச் சொல்ல, பெரியம்மா இழுத்துக்கொண்டே இருந்தார். வெயில் ஏறுவதற்குள் என் கண்ணாடிக் குழாய்களில் பழுப்பு ஆட்கள் நடமாடினார்கள். பெங்களூர் மூட்டையோடு ஒப்பிட்டால் இது ஒரு சிட்டிகை. இருக்கட்டும் என்று கிளம்பினோம்.

தோப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் மஞ்சளாக ஜேசிபி நின்றது. ஓட்டுநர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கல்யாணமாம், அதனால் ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டார். தனசேகர் அண்ணன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். நான் ஸ்கூட்டியை ஸ்டாண்டு கூடப் போடாமல் ஓடிப்போய் ஜேசிபிக்கு முன்னால் நின்றேன். ஸ்கூட்டி பெரியம்மாவோடு சாய்ந்தது. நல்லவேளை, குழாய்கள் என் பையில் இருந்தன. (பெரியம்மாவும் நல்லாத்தான் இருந்தாங்க. அதையும் சொல்லிடணும்.)

அண்ணன் குழாயை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இன்னாம்மா, காலிக் குழாயக் காட்ற? மூட்டையா கொண்டாறேன்னு சொன்னே."

நான் சிறப்பாக ஒரு விளக்கத்தை வழியெல்லாம் தயார் பண்ணி வந்திருந்தேன். உற்பத்தியில் ஏற்பட்ட எதிர்பாராத சூழ்நிலை என்று ஆரம்பித்தேன். பின்னால் புடவையில் மண்ணைத் தட்டிக்கொண்டு வந்த பெரியம்மா எனக்கு அந்தச் சிரமம் வைக்கவில்லை.

"மூட்டையாத்தான் கொண்டாந்தா. அத்தனையும் கொதிக்கவெச்சு மூக்குல ஏத்திக்கினா."

ஜேசிபி ஓட்டுநர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்திருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கத்துத் துளிருக்குப் போனேன். நல்ல முடிச்சாக ஒரு இலையைப் பார்த்து, குழாயின் பஞ்சை எடுத்து, ஒரே ஒரு குளவியை அதன்மேல் தட்டினேன். பூதக்கண்ணாடியைக் கழற்றி அவர் கண்ணில் வைத்தேன்.

அவர் குனிந்தார். நான் கண்ணால் பார்க்காமலே அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், செய்யும் என்று நிச்சயம் மட்டும் இல்லை. இலைமேல் நடக்க வேண்டும். மீசையால் முடிச்சைத் தட்டித் தட்டிப் பார்க்க வேண்டும். ஒரு இடத்தில் நிற்க வேண்டும். பறந்துபோனால் கதை முடிந்தது. காற்று வேறு அடித்தது. பெரியம்மா முந்தானையை விரித்துக் காற்றுக்கு மறைப்பாக நின்றுகொண்டார். ஓட்டுநரும் இறங்கி வந்து, யாரும் சொல்லாமலே அந்தப் பக்கம் மறைத்து நின்றார்.

ரொம்ப நேரம் அண்ணன் அசையவே இல்லை. அவர் முதுகு வலித்திருக்கும். பிறகு நிமிராமலே, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"நின்னுடுச்சு. ஊசி மாதிரி ஒண்ண உள்ள எறக்குதும்மா. வேல செய்யுது."

நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. கண்ணாடியை ரொம்ப நேரம் கண்ணில் வைத்ததால் என்று சொன்னார். ஓட்டுநரைப் பார்த்து, டீ சாப்ட்டு வண்டிய எடுத்துனு போப்பா, வந்த வாடகைய வாங்கிக்க என்றார். மனைக்காரருக்கு இன்னா சொல்லுவே என்று ஓட்டுநர் கேட்டதற்கு, இந்த மழ போவட்டும்னு சொல்லுவேன் என்றார். அப்புறம்தான் பெரியம்மா பக்கம் திரும்பி, "மூக்குலயா ஏத்திக்கினா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். அவர் மனைவி தோப்பு ஓரத்து வீட்டிலிருந்து ஓடி வந்து, என்னவோ ஏதோ என்று தண்ணீர் கொடுத்தார்.

ஒரே நாளில் எதுவும் மாறவில்லை. முதல் சில மாதம் அண்ணன் அடிக்கடி போன் பண்ணி, உன் ரவுடிங்க தூங்குறாங்களா என்று திட்டினார். மழைக்குப் பிறகு பெங்களூர் மேடம் கொடுத்த அடுத்த தொகுதியையும் அங்கேயே விட்டேன். (இந்த வாட்டி பெட்டியோட. பீரோல வெச்சுப் பூட்டி. சாவி என் கழுத்துல.) அதற்கடுத்த மழையில் வந்த துளிர் முக்கால்வாசி வழவழவென்று வந்தது. தோப்பு இப்போது தலைக்கு மேல் நிற்கிறது. இரண்டு பக்கமும் மனையில் வீடு எழும்பிவிட்டது, நடுவில் அது மட்டும் பச்சையாக இருக்கிறது. மேடம் கொடுத்த தொகுதியால்தான் இது சாத்தியமானது என்று நான் அறிக்கையில் எழுதினேன். பெரியம்மா ஒப்புக்கொள்வதில்லை. அவர் மூச்சை இழுத்ததால்தான் என்று சதுரங்கப்பட்டினம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொன்னார். அவர்கள் ஏன் அதன் பிறகும் ஒப்புக்கொண்டார்கள் என்று நான் இதுவரை கேட்கவில்லை.

வருடா வருடம் மழைக்காலம் ஆரம்பித்ததும் தனசேகர் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வருவார். கையில் ஈரத்துண்டில் சுற்றிய ஒரு கட்டு தைல இலை இருக்கும், மஞ்சப்பையில். அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "ஆவி புடிக்க. இதுல ஒரு முடிச்சு இருந்தா காட்டச் சொல்லுங்க ஒங்க பொண்ண" என்பார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் டீ குடிப்பார்.

போன மழைக்கு என் மகளுக்குச் சளி. அவள் தும்மிய சத்தம் சதுரங்கப்பட்டினம்வரை கேட்டதோ என்னவோ, பெரியம்மா வந்துவிட்டார். பானை ஏறியது. எங்கள் வீட்டு வழக்கப்படி அம்மா தனசேகர் அண்ணன் கொடுத்த இலையை ஒரு தட்டில் பரப்பி என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். நான் பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு காம்பாக, ஒவ்வொரு நரம்பாகப் பார்த்தேன். கம்பளிக்குள்ளிருந்து மகள், சீக்கிரம்மா, புழுங்குது என்றாள். இன்னும் கொஞ்சம் பார்த்தேன். அத்தனையும் வழவழவென்று இருந்தது. ஒரு முடிச்சு இல்லை.

"உன் ஆளுங்க யாராச்சும் உள்ள கீறாங்களா?" என்று பெரியம்மா கேட்டார்.

"இல்ல பெரியம்மா. வேலைய முடிச்சிட்டுப் போய்ட்டாங்க."

"அப்ப போடு பானையில" என்றார். நானே அள்ளிப் போட்டேன்.